கடற்படையின் முதல் இந்தியத் தலைவர்

சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளியில் கடலோரக் காவற்படைக்கான ரோந்துக் கப்பல்கள் கட்டப்பட்டுள்ளன. ஒரு நூற்றாண்டுக்கு முன்போ இந்தியர் கப்பல் அதிகாரியாவதே அரிதாயிருந்தது. மாலுமிகளாக உழைத்த இந்தியர் பலர். ஆணையிடும் பொறுப்பு ஆங்கிலேயர்க்கே உரியதாயிருந்தது.

அந்நிலை மாறத் தொடங்கிய காலத்தில் வளர்ந்தவர் இராம்தாஸ் கட்டாரி. 1911இல் செங்கல்பட்டில் பிறந்த அவர், 1927இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற டஃபரின் பயிற்சிக் கப்பலின் முதல் அணி மாணவருள் ஒருவரானார். இந்திய இளைஞரை வணிகக் கப்பல் அதிகாரிகளாக உருவாக்குவதற்கென்றே அமைந்தது அக்கப்பல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் கடற்படைக்கு வந்தார்.

1947இல் நாடு விடுதலை பெற்றது. எனினும், கப்பலணிகளை நடத்திப் பழகிய மூத்த இந்திய அதிகாரிகள் இல்லாமையால், கடற்படைத் தலைமை ஆங்கிலேயரிடமே நீடித்தது. தலைமைப் பண்பு ஒரே நாளில் வாய்ப்பதன்று. இந்திய அதிகாரிகள் படிப்படியாகப் பொறுப்பேற்றுத் தேர்ந்தனர். 1956இல் கட்டாரி இந்தியக் கப்பலணியின் தலைவரானார். 1958 ஏப்ரல் 22 அன்று கார்லில் என்னும் ஆங்கிலேயரிடமிருந்து பொறுப்பேற்று, தம் 46ஆம் வயதில் கடற்படையின் முதல் இந்தியத் தலைவரானார். அவர் தலைமையில், 1961இல், விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கடற்படையில் இணைந்தது. 1962இல் ஓய்வுபெற்ற அவர், பின்னர் பர்மாவில் இந்தியத் தூதராகப் பணிபுரிந்து, 1983இல் மறைந்தார்.

முதல் வாய்ப்பைப் பெற்ற ஒருவர் திறம்படச் செயலாற்றும்போது, பின்வரும் பலருக்கும் வழி திறக்கிறது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.