கண்ணும் கண்ணாடியும்: இராமலிங்க அடிகள் வரலாற்றில் ஒரு கூறு

இராமலிங்க அடிகளார் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்தையடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையார்க்கும் மகவாய்த் தோன்றினார். இளமையிலே தந்தையாரை இழந்து, தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவிற் சென்னையில் வளர்ந்தமை அன்பர்கள் அறிந்ததே. அதனை விரித்தல் ஈண்டு வேண்டா. நாம் இரங்குதற்குரிய பொருள் யாது என்னும் வினாவிற்கு அவர் வாழ்க்கை தரும் விடையையே ஆராயப் புகுந்தேன்.

1854-இல் அடிகள் மனுமுறை கண்ட வாசகம் இயற்றினார். பேசாத பசுவின் துயரை வழக்காக ஏற்று, தேர்க்காலிற் கன்றை மடிவித்த தன் மகனையே முறைசெய்த வேந்தன் கதை அது. பின்னர் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஆண்டுச் சாதியும் சமயமும் வினவாது சோறிடப்பட்டது. புலாலுண்பாரை அகவினத்தாராகக் கொள்ளாத அடிகள், அவர் பசியைத் தீர்த்தலை மறுத்திலர். பசித்தவன் ஒழுக்கம் வேறு. அவன் பசி வேறு.

இதன் காரணத்தை ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநூலில் அவரே ஆராய்ந்தனர். பசியால் வருந்துவது உடம்பும் மனமுமே, உயிரன்று என்பார்க்கு அவர் காட்டிய உவமை மூக்குக்கண்ணாடி. துன்பங் கண்டபோது நீர் சொரிவது கண்ணே, கண்ணாடி சொரியாது. அவ்வாறே மனம் முதலிய கருவிகள் துன்பத்தைக் காட்டுமன்றித் துய்க்கமாட்டா. சித்தாந்தம் பயின்றார்க்கு இது புதிதன்று. அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியமாகிய சடமென்பதன்றோ நம் கொள்கை? மெய்கண்டதேவரும் மூன்றாஞ் சூத்திரத்தில் உடம்பினை இயந்திரமென்றே கூறினார்.

இக்காலத்துக் கணினிகள் வினாவிற்கு விடை எழுதுகின்றன. வருந்துவார் போன்றும் சொல்லாடுகின்றன. அறிவுத்திறனே இரக்கத்திற்கு உரிமையாயின், அவை அக்கன்றினும் மேம்படல் வேண்டும். அடிகள் வழிநின்று நோக்கின் அவை மிகத் தெளிந்த கண்ணாடிகள். அவற்றின்பின் கண்ணுளதென்பதற்குச் சான்று இன்னும் பெறப்பட்டிலது. அத்தகைய உடம்பிலும் இறைவன் ஓருயிரைக் கூட்டுவனோவெனின், கூட்டான் என்று அறுதியிடல் நம்மாலாகாது. வினைக்கீடாக உடம்பு தருவோன் அவனாகலின்.

கணினியை நிறுத்துதல் கொலையாகுமோ என்று இளைஞர் ஒருவர் என்னை வினவினார். யான் வாழ்வது இராணிப்பேட்டை. அவர் வினவிய அப்பொழுதே, உப்பிட்ட பச்சைத் தோல்களை ஏற்றிய லாரியொன்று தெருவிற் சென்றது. சுண்ணாம்பு நீரில் ஊறி மயிர் நீங்கிப் பதனிடப்பட்டபின் அவை செருப்பும் பையுமாகும். அவற்றைச் சுமந்த உயிர்கள் பசித்தன, அஞ்சின என்பதற்குச் சான்று தேடவேண்டுவதில்லை. இவ்வூரிற் பல குடும்பங்கட்குச் சோறிடுவது அத்தொழிலேயாதலின், அதனைப் பழித்துரைத்தல் எனக்கு எளிதன்று. ஆயினும் கண்ணாடிக்கு இரங்கத் துணிந்த அவ்விளைஞரும் யானும் அந்த லாரிக்கு வழிவிட்டு நின்றோமேயன்றி, அதனைப்பற்றி ஒன்றும் பேசினோமல்லேம்.

உயிர்க்கு உயிர் இரங்குதல் ஆன்ம உரிமையால் நிகழ்வதென்றும், ஆன்ம விளக்கம் மழுங்கியார்க்கு அது தோன்றாதென்றும் அடிகள் கொண்டனர். 1872-இல் சத்திய ஞானசபையை நிறுவிய அவர், 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் அறையினுட் புகுந்து திருக்காப்பிட்டுக்கொண்டனர். தருமச்சாலையில் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றளவும் எரிகின்றது.