இருளுக்குள் ஒளி கொண்டு சென்ற நதார்

பரிஸ் மாநகரின் வீதிகளுக்குக் கீழே மரித்தோரின் நகரம் ஒன்று உண்டு. சேமக்காலைகள் நிரம்பி வழிந்தமையால், 1786ஆம் ஆண்டு முதல் அங்கிருந்த எலும்புகள் பழைய கற்சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டன. குருக்கள் செபம் பாடி உடன்செல்ல, கறுப்புத் துணி போர்த்திய வண்டிகள் இரவிலே அவற்றை ஏற்றிச் சென்றன. செல்வரும் ஏழையுமாகச் சுமார் 60 இலட்சம் பேரின் எச்சங்கள் அங்கே ஒன்றாய்க் கலந்துள்ளன.

சூரியன் எட்டாத அந்த இடத்தை மின்னொளியால் படம்பிடித்த முன்னோடி நதார். காஸ்பார் பெலிக்ஸ் தூர்னஷோன் என்பது அவரது இயற்பெயர். 1820இல் பரிஸிலே பிறந்தார். வறுமையால் மருத்துவப் படிப்பைக் கைவிட்டு, பத்திரிகைகளுக்கு எழுதியும் கேலிச்சித்திரம் வரைந்தும் வாழ்ந்தார். பின்னர் புகைப்படக் கலையில் இறங்கினார். 1858இல் பலூனில் ஏறி வானிலிருந்து நிலத்தைப் படமெடுத்த அவர், அடுத்து நிலத்தின் அடியை நாடினார். செயற்கை ஒளியில் படமெடுக்கும் முறைக்கு 1861இல் காப்புரிமை பெற்றார்.

அவருக்கு ஒளி தந்தவை புன்சன் மின்கலங்கள். அமிலம் நிறைந்த அவை நச்சுப்புகை கக்குபவை, பாரமானவையுங்கூட. சுரங்கத்தில் இடமில்லாதபோது அவற்றை வீதியிலேயே வைத்து, துவாரங்கள் வழியே கம்பிகளைக் கீழே இறக்கினார். இரு கரிமுனைகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்தபோது கண் கூசும் ஒளி பிறந்தது. அவ்வொளியில் ஒரு புறம் வெளிறியும் மறுபுறம் கரிய நிழலாயும் விழுந்தன. ஒளியைத் திருப்பும் பலகைகளை வைத்து அவர் நிழலைத் தணித்தார்.

ஒரு படத்துக்கு 18 நிமிடங்கள்வரை சென்றன. அவ்வளவு நேரம் அசையாது நிற்க எவராலும் இயலாது. ஆதலால் எலும்புகளை அடுக்கும் தொழிலாளருக்குப் பதிலாக, வேலையாள் உடை அணிந்த பொம்மைகளை நிறுத்தினார். பின்னர் கழிவுநீர்க் கால்வாய்களிலும் இதே முயற்சியைத் தொடர்ந்தார். படம் முடியும் தறுவாயில் நீராவி எழுந்து உழைப்பு முழுவதையும் கெடுத்ததுமுண்டு. அவரோ மீண்டும் தொடங்கினார்.

மாநகரின் புகழ்பெற்ற எழுத்தாளரும் கலைஞரும் அவரது கமராவின்முன் அமர்ந்தனர். அவர்களுக்குச் செலவிட்ட கவனத்தைப் பெயரற்ற எலும்புகளுக்கும், அவற்றின் நடுவே உழைத்தோரின் தொழிலுக்கும் அவர் செலவிட்டார். காலடியில் கிடந்தும் தாம் காணாதவற்றை பரிஸ் மக்கள் அப்படங்களிற் கண்டனர்.

1910ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 90 வயதை எட்டச் சில நாட்களே இருக்கையில், நதார் காலமானார். இன்று கைத்தொலைபேசியின் சிறு விளக்கு நொடியில் செய்வதை, அன்று பாரமான மின்கலங்களும் பெரும் பொறுமையுமே செய்தன.