தெளிந்த நீரின் ரகசியம் கண்டவர்

கார்த்திகை தீபம் முடிந்ததும் திருவண்ணாமலை ஐயங்குளத்தில் தெப்பல் உற்சவம் நடைபெறும். திருவிழாவுக்கு வந்த குழந்தை ஒன்று வண்ண மீனுக்கு அடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகப்பனாரும் ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு தங்க மீன்களும் வாங்கித் தருகிறார். தொட்டியைப் பளபளவென்று கழுவி, சுத்தமான தண்ணீர் நிரப்பி, மீன்களை விடுகிறார்கள். இரண்டு நாள் வீடே தொட்டியைச் சுற்றி நிற்கிறது. நாலாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கின்றன. வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாய் மிதக்கின்றன. குழந்தை அழுகிறது. பாட்டி கண் திருஷ்டி என்கிறாள். தகப்பனார் கடைக்காரரை ஏசுகிறார்.

குற்றம் கடைக்காரர் மேலும் இல்லை. திருஷ்டியின் மேலும் இல்லை. தொட்டி மிகவும் புதியது, அதுதான் காரணம். பாசியும் சேறுமாய்க் கிடக்கும் குளத்தில் சுகமாக வாழும் மீன், பளிங்கு போன்ற நீரில் ஏன் சாக வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண வழி செய்தவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற விஞ்ஞானி. அவர் மீன் வளர்ப்புக்காக ஆராய்ந்தவரல்லர். மண்ணையும் சேற்றையும் ஆராய்ந்தவர். ஆயினும் அவர் கண்ட உண்மையை மறந்து புதுத் தொட்டியில் மீன் விடுகிறவர் எந்த நாட்டிலிருந்தாலும் நஷ்டப்படவே செய்கிறார்.

சங்கீதமா, சாஸ்திரமா?

1856-ஆம் ஆண்டு, அன்று ருஷ்யப் பேரரசில் இருந்ததும் இன்று உக்ரைனின் தலைநகராக விளங்குவதுமான கீவ் நகரில், செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார் வினோகிராட்ஸ்கி. முதலில் சட்டம் படிக்கச் சேர்ந்தார், மனம் ஒட்டவில்லை. பிறகு பீட்டர்ஸ்பர்க் நகரின் சங்கீதக் கலாசாலையில் பியானோ கற்றார். அங்கும் நிலைக்கவில்லை. 1877-இல் பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் இயற்கை விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்தபோதுதான் தம் பாதை எது என்று அவருக்குப் புலப்பட்டது.

1885-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்று தாவரவியல் மேதை டி பாரியிடம் ஆராய்ச்சி செய்தார். கந்தக ஊற்றுகளில் வாழும் ஒரு நுண்கிருமி கந்தகத்தை எரித்து, அதிலிருந்து கிடைக்கும் சக்தியால் பிழைக்கிறது என்று கண்டறிந்தார். தாதுப் பொருளையே ஆகாரமாகக் கொண்டு வாழும் உயிர் உண்டு என்பது அந்நாளில் பெரும் வியப்பை உண்டாக்கிற்று. 1888-இல் டி பாரி காலமானார். வினோகிராட்ஸ்கி சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

தந்தையும் மகனும்

அக்காலத்தில் மண் விஞ்ஞானிகளை வாட்டிய கேள்வி ஒன்று இருந்தது. எருவிலும் கழிவிலும் உள்ள அம்மோனியா, மண்ணில் எப்படி நைட்ரேட்டாக மாறுகிறது? நைட்ரேட் என்பது நம் நாட்டில் வெடியுப்பு என்று வழங்கும் உப்பின் இனம், பயிருக்கு உயிர்நாடி. 1877-இல் பிரான்ஸ் தேசத்தில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். இருபது நாள் அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன் பிறகு திடீரென்று நைட்ரேட் தோன்றிற்று! குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றது. உயிருள்ள ஏதோ ஒன்றுதான் இதைச் செய்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த உயிர் எது?

இங்கிலாந்தில் அதைத் தேடியவர் ராபர்ட் வாரிங்டன். அவருடைய தகப்பனார் பெயரும் ராபர்ட் வாரிங்டனே. மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, தண்ணீரை மாற்றாமலே மீன் வாழும் விதத்தை 1850-இல் உலகுக்கு அறிவித்தவர் அவர். தந்தை மீன் தொட்டியை உருவாக்கினார். தொட்டியைக் காக்கும் கிருமியை மகன் தேடினார். காரியம் இரண்டு படிகளில், இரண்டு வகைக் கிருமிகளால் நடக்கிறது என்று மகன் கண்டுகொண்டார். ஆனால் ஆய்வுக்கூடத்து ஜெலட்டின் தட்டில் அவை வளர மறுத்தன.

ஏரி நீரில் அகப்பட்டது

வினோகிராட்ஸ்கி வழியை மாற்றினார். ஜெலட்டின் மற்றக் கிருமிகளுக்குத்தான் விருந்து. தாம் தேடும் கிருமிக்கு அது வேண்டாத பண்டமாக இருக்கலாமே என்று யோசித்தார். ஜூரிச் ஏரியின் நீரை எடுத்து, அம்மோனியா உப்பும் சிறிது தாதுப் பொருளும் மட்டும் சேர்த்து, மண்ணில் ஒரு துளி இட்டுக் காத்திருந்தார். வேறு கிருமிகள் பட்டினியால் ஒடுங்கின; அம்மோனியாவை உண்ணும் கிருமி பெருகிற்று. அது நீரில் மிதக்கவில்லை. அடியில் படிந்த மாக்னீசியப் பொடியைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தது. 1890-இல் முடிவுகளை வெளியிட்டார். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் கிருமிக்கு நைட்ரோசோமோனாஸ் என்றும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் கிருமிக்கு நைட்ரோபாக்டர் என்றும் 1892-இல் பெயரிட்டார்.

மீன் தொட்டியில் நடப்பதும் இதுவே. மீனின் மூச்சிலும் கழிவிலும் அம்மோனியா வெளிப்படுகிறது. அது செவுளை எரிக்கும் விஷம். முதல் வகைக் கிருமி அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷமே, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் தடுக்கும். இரண்டாம் வகை அதை நைட்ரேட்டாக்கிய பிறகே ஆபத்து நீங்குகிறது. குளத்துச் சேற்றிலும் படிக்கட்டுப் பாசியிலும் இவை தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. கழுவித் துடைத்த கண்ணாடியில் ஒன்றுமில்லை.

ஆகவே புதுத் தொட்டிக்கு முதலில் மீன் வேண்டாம். நீரோட்டமும் கூழாங்கல்லும் வடிகட்டிப் பஞ்சும் அமைத்து, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வர வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் கிருமிகளைக் கொல்லும்; அதைப் போக்கிய நீரே ஏற்றது. முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பின்பு நைட்ரைட் ஏறி இறங்கும். பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இரண்டும் இல்லையென்று சோதனைக் குப்பி காட்டிய பிறகு, பாதித் தண்ணீரை மாற்றி, இரண்டொரு மீனாக விடலாம். பழைய தொட்டியின் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் காத்திருக்கும் காலம் குறையும்.

நாடு இழந்த பின்னும்

1891-இல் வினோகிராட்ஸ்கி ருஷ்யா திரும்பி, பீட்டர்ஸ்பர்க் பரிசோதனை வைத்திய நிலையத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே கிரகிக்கும் மண் கிருமியையும் அங்கே கண்டார். 1905-க்குப் பின் விஞ்ஞானத்தை விட்டு விலகித் தம் பண்ணையில் வாழ்ந்தார். அப்போது 1917-ஆம் ஆண்டுப் புரட்சி வெடித்தது. நிலமும் வீடும் கைவிட்டுப் போக, முதிய வயதில் அகதியாய் நாட்டை விட்டு வெளியேறினார்.

பெல்கிரேடில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தவரை 1922-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையம் அழைத்துக்கொண்டது. அறுபத்தாறாம் வயதில், பாரிஸுக்கு அருகே பிரி-கோந்த்-ரோபேர் என்ற சிற்றூரில் மறுபடி ஆய்வுக்கூடம் திறந்தார். அவர் மகள் ஹெலனும் அங்கே சாக்கடைக் கசடிலுள்ள இதே இனக் கிருமிகளை ஆராய்ந்தார். அரை நூற்றாண்டு உழைப்பைத் திரட்டி 1949-இல், தொண்ணூறு வயது கடந்த பிறகு, மண் நுண்ணுயிரியல் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1953 பிப்ரவரியில், தொண்ணூற்றாறாம் வயதில், அதே ஊரில் காலமானார்.

அவர் கண்டது கடைசிச் சொல் அல்ல. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரோபாக்டரைவிட நைட்ரோஸ்பைரா என்ற இனமே முக்கியமானது என்று 1998-இல் தெரிய வந்தது. இரண்டு படிகளையும் ஒரே கிருமி தனியாகச் செய்து முடிக்கும் என்பது 2015-இல் வெளியாயிற்று. ஆனால் வினோகிராட்ஸ்கி காட்டிய முறை மாறவில்லை: அதற்கு வேண்டியதைக் கொடு; வருமட்டும் காத்திரு.

அடுத்த தெப்பலுக்குள் அந்தக் குழந்தை மீண்டும் மீன் கேட்கும். தகப்பனார் இந்தத் தடவை தொட்டியை முதலில் வாங்கட்டும்; மீனை ஆறு வாரம் கழித்து வாங்கட்டும்.