லூசி வில்ஸ் அம்மையார்

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உலையிலிட்டு உருக்கிப் புதிய கம்பிகளாக்கும் ஆலைகள் பல உள. நம் உடலினுள்ளும் இத்தகைய தொழில் ஓயாது நடைபெறுகின்றது. குருதியிலுள்ள செவ்வணு ஏறத்தாழ 120 நாள்களே வாழும். முதிர்ந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் சிதைத்து இரும்பைப் பிரிக்கும். எலும்பின் மச்சை அதனைக் கொண்டு புதிய அணுக்களை ஆக்கும். எஞ்சியது ஈரலில் சேமிக்கப்படும். நாள்தோறும் இவ்வாறு மீளும் இரும்பு 20 மில்லிகிராமுக்குக் குறையாது. உணவிலிருந்து உடல் ஏற்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராமே. கருவுற்ற தாய்க்கு இது போதாமையால் இரத்தச் சோகை உண்டாகும். ஆயினும் தாய்மாரின் சோகை யாவும் இரும்புக் குறையால் வருவதன்று. இதனைத் தெளிவித்தவர்களுள் லூசி வில்ஸ் அம்மையார் தலையாயவர்.

இவர் 1888இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே பிறந்தார். கேம்பிரிட்ஜில் செடிநூலும் நிலநூலும் பயின்றார். 1914இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது உலகப்போர் மூண்டது. அங்குச் சிறிது காலம் செவிலியாகப் பணிபுரிந்தவர், இலண்டன் திரும்பி மருத்துவம் கற்று 1920இல் மருத்துவரானார்.

1928இல், தம் நாற்பதாம் வயதில், பம்பாய்க்கு வந்தார். அங்கு நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற மகளிர் பலர் கொடிய சோகையால் மாண்டுகொண்டிருந்தனர். அம்மையார் அவர்தம் குருதியணுக்களை எண்ணினார், அளந்தார், அவர்கள் உண்ட உணவையும் ஆராய்ந்தார். இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்து வெளிறும். இம்மகளிரின் அணுக்களோ பெருத்திருந்தன. உலைக்களத்தில் இரும்பு குவிந்திருந்தும் வேறொரு பொருள் இன்மையால் வேலை நின்றாற் போன்ற நிலை அது! அப்பொருள் யாது?

அதனைத் தேடிக் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா மருத்துவமனையிலும் உழைத்தார். ஈரற்சாறு நோயைத் தணித்தது. ஆனால் ஏழைகளுக்கு அதன் விலை எட்டாது. ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான சாற்றை அவர் கொடுத்துப் பார்த்தார். சோர்ந்து கிடந்த தாய்மார் தேறினர். அச்சாற்றிலிருந்த பொருளுக்கு அப்போது பெயரில்லை. 1941இல் கீரையிலிருந்து பிரிக்கப்பெற்று அது ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவ் தலைமையேற்றிருந்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தார் 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கினர்.

இரண்டாம் உலகப்போரின்போது அம்மையார் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இருந்தார். கருவுற்றோருக்கு இரும்பு மருந்தளித்து அவர்தம் குருதியின் செந்நிறப் பொருளை அளந்து வந்தார். 1944இல் அம்மருத்துவமனை குண்டுக்கு இலக்காயிற்று. எனினும் அவர் பணியை விடவில்லை. அளவைகளின் முடிவு 1947இல் வெளிவந்தது.

1964இல் அம்மையார் மறைந்தார். இன்று திருவள்ளூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற மகளிர் பெறும் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் ஒருங்கே உள்ளன.