தூரத்தை வென்ற வீராங்கனை

கில்லியை எகிறச் செய்து நெடுந்தூரம் அடிப்பதில் எத்தனை ஆனந்தம்! நம் சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பிள்ளைகள் அதை நன்கு அறிவர். அதே ஆனந்தத்தைக் கோல்ஃப் விளையாட்டில் கண்டு உலகப் புகழ் பெற்றவர் பேப் ஜஹாரியாஸ் அம்மையார்.

மில்ட்ரெட் டிட்ரிக்சன் என்னும் இயற்பெயருடைய இவர், 1911ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் நார்வே நாட்டிலிருந்து குடியேறிய எளியவர்கள். தச்சரான தந்தை, பிள்ளைகளுக்காக வீட்டுக் கொல்லையிலேயே உடற்பயிற்சிச் சாதனங்களை அமைத்துக் கொடுத்தார். அங்கே உரம் பெற்ற மகள், 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம் வென்றார். உயரம் தாண்டுதலில் வெள்ளி பெற்றார்.

பின்னர் அவர் மனம் கோல்ஃபை நாடியது. நாளொன்றுக்கு ஆயிரம் பந்துகள் வரை அடித்துப் பழகினார். உள்ளங்கை கொப்புளித்து இரத்தம் கசிந்தபோதும், பட்டை சுற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்கு மேற்படாது. அதைத் தொலைவுக்கு அனுப்பக் கைவலிமை மட்டும் போதாது; மட்டை நுனியின் வேகமே முக்கியம். கால்களை ஊன்றி, தோள்களை நன்றாகப் பின்னே திருப்பி, உடலின் பாரத்தைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்ற வேண்டும். முதலில் இடுப்பு, அடுத்துத் தோள், பிறகு கை, இறுதியில் மணிக்கட்டு என வரிசையாகத் திரும்பினால் வேகம் படிப்படியாகப் பெருகும். அவசரப்பட்டுக் கையை முதலில் வீசினால் அவ்வேகம் வீணாகும். ஈட்டி எறிதலிலும் இதே முறைதான். ஆகவே ஈட்டியில் பழகிய உடல் அவருக்குக் கைகொடுத்தது எனலாம். நடுத்தர உயரமே உடைய அவர், சுமார் 250 கஜம், அதாவது ஏறக்குறைய 229 மீட்டர் தூரம் பந்தடிக்க வல்லவராய்த் திகழ்ந்தார்.

1947இல் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர் என்ற பெருமை பெற்றார். 1948, 1950 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஓப்பன் பட்டமும் அவர் வசமாயிற்று. 1950இல் பெண்களுக்கான தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தைத் தோற்றுவித்த 13 பேரில் அவரும் ஒருவர்.

1953இல் பேரிடி விழுந்தது. குடலில் புற்றுநோய் கண்டு பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. இனி ஆட இயலாது எனப் பலரும் எண்ணினர். மருத்துவமனை அறையிலும் கோல்ஃப் மட்டைகளைத் தம் அருகிலேயே வைத்திருந்த அவர், நான்கு மாதங்களுக்குள் களத்திற்குத் திரும்பினார். மறு ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டி நடந்த மன்றத்தின் பெயர் நமக்கு வியப்பளிக்கும், அதுவும் சேலம்தான்! மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள அந்தச் சேலம் மன்றத்தில், இறுதி நாளில் மட்டும் 36 குழிகள் ஆடி, 12 அடி வித்தியாசத்தில் வாகை சூடினார்.

புற்றுநோயின் பெயரைச் சொல்லவே மக்கள் கூசிய காலத்தில், தம் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, பிற நோயாளிகளுக்குத் தைரியம் ஊட்டினார். நோய் மீண்டும் தாக்கவே, 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தமது 45ஆம் வயதில் மறைந்தார்.

தோழியரே! ஈட்டியோ எறிபந்தோ கையில் எடுக்கும்போது அவரை நினைப்போம். முதலில் கால்களை உறுதியாக ஊன்றுவோம். தூரம் தானே வரும்.