வெண்ணெய் திரண்டது, தாழி உடைந்தது: பாலைச் சுழற்றி உலகை மாற்றிய டி லாவல் யார்?

மயிலாப்பூர் மாட வீதிகளில் விடியற்காலையிலேயே பால் பாக்கெட் வந்து இறங்கிவிடும். நீல பாக்கெட்டில் 3 சதவீத கொழுப்பு, ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். மாடு என்னவோ ஒரே மாதிரிதான் பால் கறக்குது. அப்புறம் எப்படி பாக்கெட்டுக்கு பாக்கெட் கொழுப்பு மட்டும் இவ்வளவு கச்சிதமா மாறுது?

பதில் ஒரே வார்த்தைதான்: சுழற்சி. பாலை அதிவேகமாகச் சுழற்றி, கொழுப்பைத் தனியாகப் பிரித்து, பிறகு தேவையான அளவுக்கு மட்டும் திரும்பச் சேர்க்கிறார்கள். இதே வேலையைச் செய்யும் இயந்திரங்கள்தான் கிண்டி தொழிற்பேட்டையில் எண்ணெயில் இருக்கும் இரும்புத் தூளையும், நெசப்பாக்கத்தில் கழிவுநீரில் இருக்கும் சகதியையும் பிரிக்கின்றன.

இதை இடைவிடாமல் ஓடும் இயந்திரமாக மாற்றிக் காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் டி லாவல். 92 காப்புரிமைகள், 37 நிறுவனங்கள் என்று வாழ்ந்த மனிதர். ஆனா கடைசியில் கையில் காசில்லாமல் இறந்தார். என்ன ஆச்சு அவருக்கு? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டி லாவல்?

1845 மே 9-ம் தேதி, ஸ்வீடனின் டலார்னா பகுதியில் உள்ள ஊர்சா என்ற ஊரில் பிறந்தார். பெயரைக் கேட்டா பிரெஞ்சுக்காரர் மாதிரி இருக்கே என்று தோன்றலாம். அது சரிதான். 17-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் இருந்து ஸ்வீடனுக்கு வந்து குடியேறிய குடும்பம் அது.

ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1866-ல் பொறியாளர் ஆனார். பட்டம் கிடைத்தது, படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலை தேடும் நம்ம ஊர் பசங்களுக்கு இது நல்லாவே புரியும். ஃபாலுன் நகரின் செப்புச் சுரங்க நிறுவனத்தில் கிடைத்த வேலையைப் பார்த்தார்.

ஆனா அதோடு நின்றுவிடவில்லை. உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1872-ல் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். ஒரே ஆள் இயந்திரமும் படித்து, வேதியியலும் படித்தது பின்னாளில் பெரிய பலமாக அமைந்தது. அதன்பிறகு இரும்பு ஆலை ஒன்றில் பொறியாளராக வேலை பார்த்தார்.

பாலில் என்ன பிரச்னை?

அந்தக் காலத்தில் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் வெண்ணெய் பெரிய ஏற்றுமதிப் பொருள். ஆனா வெண்ணெய் எடுக்கணும்னா முதலில் பாலில் இருந்து பாலாடையைப் பிரிக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் பாலை ஊற்றி, ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருப்பார்கள். கொழுப்பு எடை குறைவு என்பதால் மெல்ல மேலே வந்து மிதக்கும். அதை வழித்து எடுக்க வேண்டும்.

இதில் மூன்று தொல்லைகள். நேரம் அதிகம். இடம் அதிகம். காத்திருக்கும்போதே பால் புளித்துப் போகும். அப்படியும் கொழுப்பில் ஒரு பங்கு பாலிலேயே தங்கிவிடும்.

நம்ம வீட்டில் தயிரை மத்தால் கடைவதும் இதுவும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. மத்து, கொழுப்புத் துளிகளை ஒன்றோடு ஒன்று மோதவிட்டு வெண்ணெயாகத் திரட்டும். டி லாவல் தேடியது அதற்கு முந்தைய படி. பாலில் இருந்து கொழுப்பு உள்ள பகுதியைச் சீக்கிரமாகத் தனியே எடுப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

1877-ல் என்ன நடந்தது?

ஜெர்மனியில் வில்ஹெல்ம் லெஃபெல்ட் என்பவர் பாலைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை ஏற்கெனவே செய்திருந்தார். அதாவது சுழற்றும் யோசனை டி லாவலுடையது இல்லை. ஆனா லெஃபெல்ட் இயந்திரத்தில் ஒரு குறை இருந்தது. பாலை ஊற்றி, சுழற்றி, நிறுத்தி, பாலாடையை எடுத்து, திரும்ப ஊற்றணும். வாஷிங் மெஷினில் துணி போட்டு எடுப்பது மாதிரி, ஒவ்வொரு முறையும் நிறுத்தித் தொடங்க வேண்டும்.

அதைப் பற்றிப் படித்த டி லாவல், நிறுத்தாமலேயே பிரிக்க முடியாதா என்று 1877-ல் வேலையைத் தொடங்கினார். 1878-ல் விடை கிடைத்தது. சுழலும் கிண்ணத்தின் நடுவில் பால் தொடர்ந்து வந்து விழும். எடை கூடிய கொழுப்பில்லாத பால் ஓரத்துக்குப் போய் ஒரு வழியாக வெளியேறும். எடை குறைந்த பாலாடை நடுவிலேயே தங்கி இன்னொரு வழியாக வெளியேறும். நிறுத்தவே வேண்டாம்.

தொடக்ககால இயந்திரம் மணிக்குச் சுமார் 130 லிட்டர் பாலைப் பிரித்தது. ஆஸ்கர் லாம் என்ற தொழில் கூட்டாளியோடு சேர்ந்து 1883-ல் ஏபி செபரேட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு அமெரிக்காவிலும் கிளை. பின்னர் கையால் சுற்றும் சின்ன இயந்திரங்கள் வந்ததும், நாலைந்து மாடு வைத்திருக்கும் விவசாயிகூட வீட்டிலேயே பாலாடை பிரிக்க ஆரம்பித்தார்.

சுழற்றினால் ஏன் பிரிகிறது?

கலங்கிய ஆற்று நீரைக் குடத்தில் வைத்தால் மண் கீழே படியும். அந்தக் காலத்தில் தேற்றான் கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் தேய்த்து வைப்பார்கள். நுண்ணிய மண் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிதாகி, வேகமாகப் படியும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். தண்ணீரைவிடக் கனமான துகளைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது.

துகள் ரொம்பச் சின்னதாக இருந்தால் சிக்கல். துகளின் விட்டம் பாதியானால், படியும் வேகம் நாலில் ஒரு பங்காகக் குறையும். பத்தில் ஒன்றானால் நூறில் ஒரு பங்கு. திரவம் எண்ணெய் மாதிரி கெட்டியாக இருந்தால் இன்னும் மெதுவாகும். தொழிற்சாலையில் யாரும் இரண்டு நாள் காத்திருக்க முடியாது.

துகளை மாற்ற முடியாது, திரவத்தையும் மாற்ற முடியாது. ஆனா ஈர்ப்பைக் கூட்டலாம். மாநகரப் பேருந்து திருப்பத்தில் வேகமாக வளையும்போது நாம் ஓரமாகத் தள்ளப்படுகிறோமே, அதே கதைதான். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கிண்ணத்தை நிமிடத்துக்கு 6,000 முறை சுழற்றினால், அதன் ஓரத்தில் இருக்கும் துகள் புவியீர்ப்பைப் போல சுமார் 4,000 மடங்கு விசையை உணரும். குடத்தில் மணிக்கணக்கில் நடப்பது இங்கே நொடிகளில் முடிந்துவிடும்.

அடுத்த பெரிய முன்னேற்றம் வேறொருவருடையது. ஜெர்மனியின் கிளெமன்ஸ் ஃபான் பெக்டோல்ஸ்ஹைம், கிண்ணத்துக்குள் கூம்பு வடிவத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்று கண்டுபிடித்தார். தட்டுகளுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவு. அதனால் துகள் கொஞ்ச தூரம் நகர்ந்தாலே பிரிந்துவிடும். இந்த உரிமையை 1889-ல் ஏபி செபரேட்டர் விலை கொடுத்து வாங்கியது. இன்றைக்கும் இந்தத் தட்டு அடுக்குதான் இவ்வகை இயந்திரங்களின் இதயம்.

ராக்கெட்டுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

கிண்ணத்தை ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஓட்ட வேண்டும். அப்போதைய நீராவி இன்ஜின்கள் அவ்வளவு வேகமாகச் சுழலாது. பெல்ட்டும் பல்சக்கரமும் போட்டுத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. நேரடியாகவே வேகமாகச் சுழலும் ஒன்று வேண்டும் என்று டி லாவல் நீராவி டர்பைன் பக்கம் திரும்பினார்.

1880-களின் இறுதியில் அவர் வடிவமைத்த நாசில் எளிமையானது. முதலில் குறுகி, பிறகு விரியும் குழாய். நீராவி குறுகிய இடத்தில் ஒலியின் வேகத்தைத் தொட்டு, விரியும் பகுதியில் அதையும் தாண்டிப் பாயும். அந்த வேகத்தில் அவரது சின்ன டர்பைன்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகள் வரை சுழன்றன.

அவ்வளவு வேகத்தில் தண்டு அதிர்ந்தே உடைந்துவிடுமே? பொதுவாகத் தண்டைத் தடிமனாக்கத்தான் யாரும் நினைப்பார்கள். டி லாவல் தலைகீழாக யோசித்து, மெலிந்த வளையும் தண்டைப் போட்டார். பம்பரம் முதலில் தள்ளாடி, வேகம் பிடித்ததும் ஆடாமல் நிற்பது போல, அந்தத் தண்டும் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் தன் மையத்தைத் தானே கண்டுபிடித்து அமைதியாகச் சுழன்றது.

பாலுக்காகத் தொடங்கிய தேடலில் பிறந்த அந்த நாசில் வடிவம்தான் இன்றைய ராக்கெட் இன்ஜின்களின் அடிப்பகுதியில் இருக்கிறது. இஸ்ரோ ராக்கெட்டிலும் அதுதான். அடையாறு பக்கத்தில் இருக்கும் சென்னை ஐஐடியில் உருவான அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவிய ராக்கெட்டிலும் அதே தத்துவம்தான்.

பணம் எங்கே போனது?

ஸ்வீடிஷ் அறிவியல் அகாடமி உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர், கையில் லாபம் கொட்டும் நிறுவனம். 1890 வாக்கில் டி லாவலிடம் எல்லாமே இருந்தது. அங்கேதான் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை தொடங்குகிறது.

அவரால் ஒரு வேலையில் நிற்க முடியவில்லை. மின்விளக்கு தயாரிப்பு, மின்சாரத்தால் துத்தநாகம் உருக்குவது, பால் கறக்கும் இயந்திரம் என்று அடுத்தடுத்து இறங்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனி, பட்டறை, பொறியாளர்கள். அதற்கெல்லாம் பணம் வேண்டுமே? செபரேட்டர் நிறுவனத்தில் இருந்த பங்குகளை விற்றார்.

யோசனைகள் தவறில்லை, காலம்தான் முந்திவிட்டது. பால் கறக்கும் இயந்திரத்துக்குப் பல வருடங்கள் செலவழித்தார். அது சந்தையில் உண்மையாக வெற்றி பெற்றது அவர் இறந்த பிறகுதான். ஒரு கண்டுபிடிப்பு சம்பாதித்த பணத்தைப் பத்து கண்டுபிடிப்புகள் தின்றன. தன் பெயரைச் சுமந்த நிறுவனங்கள் வளர்ந்துகொண்டிருக்க, அவர் கடனில் மூழ்கினார்.

1913 பிப்ரவரி 2-ம் தேதி ஸ்டாக்ஹோமில், 67 வயதில் இறந்தார். விட்டுச் சென்ற சொத்தைவிடக் கடன் அதிகம். ஏபி செபரேட்டர் மட்டும் நிமிர்ந்து நின்றது. 1963-ல் அதன் பெயர் ஆல்ஃபா லாவல் என்று மாறியது. ஆல்ஃபா என்பது பெக்டோல்ஸ்ஹைம் தட்டுகளின் பெயர், லாவல் இவருடைய பெயர். அந்த நிறுவனம் இந்தியாவுக்கு வந்தது 1937-ல்.

சென்னையில் இன்று இது எங்கே இருக்கு?

1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையையே எடுத்துக்கொள்ளலாம். இரும்பைத் தீட்டும்போது சூடாகாமல் இருக்கக் கூலன்ட் ஊற்றுவார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் சேரும். அப்படியே திரும்பப் பயன்படுத்தினால் வேலைப்பொருளில் கீறல் விழும். கீழே கொட்டினால் மண்ணும் நிலத்தடி நீரும் கெடும். சுழற்றித் தூளைப் பிரித்தால் அதே கூலன்ட்டை மறுபடி ஓட்டலாம், எண்ணெய்ச் செலவும் மிச்சம்.

நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களில் உள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை இன்னும் பெரியது. தி.நகரில் ஒரு வீட்டுத் தொட்டியில் ஊற்றிய தண்ணீர்கூடக் கடைசியில் சகதியாக இப்படி ஓரிடத்தில்தான் வந்து சேரும். இங்கே பயன்படுவது படுக்கை வாக்கில் சுழலும் உருளை. அதற்குள்ளே திருகு ஒன்று சற்றே மாறுபட்ட வேகத்தில் சுற்றி, ஓரத்தில் ஒதுங்கிய சகதியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதில் என்ன லாபம்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 டன் சகதியில் திடப்பொருள் 4 சதவீதம் என்றால், உள்ளே இருப்பது 4 டன் மட்டுமே. மீதி 96 டன் தண்ணீர். அதைச் சுழற்றி 20 சதவீத திடப்பொருளாகக் கெட்டியாக்கினால், எடை 20 டன்னாகிவிடும். 10 லாரி லோடு 2 லோடாகக் குறைகிறது. ஊருக்குள் ஓடும் லாரியும் குறைவு, டீசலும் குறைவு, நாற்றமும் குறைவு.

டி லாவல் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் பார்த்தது புளித்துப் போன பாலைத்தான். ஆனா தெரு முனைக் கடையில் யாராவது நீல பாக்கெட்டா, ஆரஞ்சு பாக்கெட்டா என்று கேட்கும் ஒவ்வொரு காலையிலும், கடனில் இறந்த அந்த மனிதரின் கிண்ணம் எங்கேயோ ஒரு பால் பண்ணையில் நிற்காமல் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.