சங்கிலியால் பூமியை அளந்தவர்

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் சிறிது நேரத்தில் பரங்கிமலை வந்துவிடும். மலை மேல் உள்ள மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு வெள்ளைக்காரரின் மார்பளவுச் சிலையைக் காணலாம். அவர் கவர்னரும் அல்ல, தளபதியும் அல்ல. ஒரு சங்கிலியை வைத்துக்கொண்டு இந்தியாவை அளக்கப் புறப்பட்ட மனிதர்.

அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில், எளிய குடும்பத்தில் பிறந்தார். கணக்கில் சூரர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். அங்கே 1781-ல் யார்க்டவுன் யுத்தத்தில் சிறைப்பட்டார். விடுதலை ஆனதும் கனடா பக்கம் ஒரு சாதாரண உத்தியோகம். அதிலேயே 13 வருடம் ஓடிவிட்டது. சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்ததில் ஒரு கண்ணும் கெட்டது. இந்தியாவுக்கு வந்தபோது வயது 40-ஐத் தாண்டிவிட்டது. இனி இவர் என்ன சாதிக்கப் போகிறார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

1799-ல் திப்பு சுல்தானுடன் யுத்தம். ஓர் இரவு, கும்மிருட்டில் ஒரு படைப்பிரிவு பாசறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. லாம்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்களின் நிலையைக் கண்டதும் திடுக்கிட்டார். படை தெற்கே போகவேண்டும். ஆனால் வடக்கே, எதிரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது! தளபதியிடம் சொன்னார். தளபதி முதலில் நம்பவில்லை. விளக்கேற்றி திசைகாட்டியைப் பார்த்த பிறகே படையைத் திருப்பினார்.

யுத்தம் முடிந்தது. தென்னிந்தியாவைக் கடல் முதல் கடல் வரை சரியாக அளக்கவேண்டும் என்று சென்னை சர்க்காரிடம் லாம்டன் யோசனை சொன்னார். அதிகாரிகளில் ஒருவர் கேலி செய்தாராம். ஸ்ரீரங்கப்பட்டணம் எங்கே இருக்கிறது என்று அறிய இவ்வளவு செலவா, பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் கொண்டுபோய் விட்டுவிடுவார்களே என்றாராம்! ஆனாலும் அனுமதி கிடைத்தது.

பரங்கிமலையில் தொடக்கம்

லாம்டனின் முறை இதுதான். முதலில் தரையில் ஒரே ஒரு நேர்கோட்டை மிகச் சரியாக அளக்கவேண்டும். அந்தக் கோட்டின் இரண்டு முனைகளில் இருந்தும் தூரத்தில் உள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் அளக்கவேண்டும். ஒரு முக்கோணம் கிடைக்கும். மற்ற இரண்டு பக்கங்களையும் நடந்து அளக்கவேண்டாம். கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அதன் மேல் அடுத்த முக்கோணம், அதற்கும் அடுத்தது. இப்படியே நாடு முழுதும் போகலாம். ஆனால் முதல் கோட்டில் பிசகினால் எல்லாமே பிசகு.

1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி, பரங்கிமலை அருகே அந்த முதல் கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். இன்று மாடி வீடுகள் நெருங்கி நிற்கும் அந்தப் பகுதி அன்று திறந்த வெளி.

அளந்தது எஃகுச் சங்கிலியால். நீளம் 100 அடி. இரண்டரை அடி கம்பிகள் 40-ஐக் கோத்துச் செய்தது. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அவர் ஏற்காததால் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது!

சங்கிலிக்கு மூன்று எதிரிகள் உண்டு. ஒன்று, வளைவு. மேடு பள்ளத்தில் கிடந்தாலோ, பக்கவாட்டில் சற்று ஒதுங்கினாலோ அளவு தப்பு. ஆகவே சங்கிலியைத் தரையில் போடவில்லை. நீண்ட மரத்தொட்டிகளை முக்காலிகள் மேல் ஒரே நேராக வைத்து, அவற்றுக்குள் கிடத்தினார்கள். இரண்டாவது, வெயில். சித்திரை வெயிலில் இரும்பு நீளும். 14 டிகிரி பாரன்ஹீட் சூடு ஏறினால் 100 அடிச் சங்கிலி அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு நீண்டுவிடும். 400 தடவை போட்டால் மூன்று அடிக்கு மேல் வித்தியாசம் வரும். அதனால் கூடாரம் போட்டு நிழல் கொடுத்தார்கள். தொட்டிகளில் வெப்பமானி வைத்து, சூட்டைக் குறித்துக் கழித்தார்கள்.

மூன்றாவது எதிரி தேய்மானம். இதுதான் கண்ணுக்குத் தெரியாதது. ஒவ்வொரு மூட்டும் ஒரு தலைமுடி கனம் தேய்ந்தால் போதும், 400 தடவையில் அதுவும் மூன்று அடியைத் தாண்டும். இதற்கு லாம்டன் செய்த ஏற்பாடு எளிமையானது. இரண்டு சங்கிலிகள் வைத்துக்கொண்டார். ஒன்று உழைக்கும். மற்றது பெட்டியில் தூங்கும். உழைத்த சங்கிலி எவ்வளவு நீண்டது என்று தூங்கிய சங்கிலி காட்டிக் கொடுத்துவிடும்!

பலன்? 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டை அளந்து பார்த்தார்கள். பரங்கிமலையில் இருந்து முக்கோணக் கணக்காக வந்த நீளத்துக்கும், சங்கிலி காட்டிய நீளத்துக்கும் வித்தியாசம் 4 அங்குலத்துக்கும் குறைவு. ஏழு மைலுக்கு மேல் நீண்ட கோட்டில்! சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று அதுவரை படம் போட்டிருந்தார்கள். 360 மைல்தான் என்று லாம்டன் காட்டினார்.

தஞ்சையில் விபத்து

கோணம் அளக்க தியோடலைட் என்ற பெரிய கருவி இருந்தது. எடை அரை டன். அதன் வட்டத் தகடு மூன்று அடி அகலம். இங்கிலாந்தில் இருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

காவிரிக் கரையில் குன்று ஏது? எங்கும் தென்னையும் பனையும் மறைத்தன. கோவில் கோபுரங்களே குன்றுகள் ஆயின. 1808-ல் தஞ்சைப் பெரிய கோவிலில் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். சுவரில் இடிக்காதபடி ஒரு கயிற்றால் பக்கவாட்டில் விலக்கிப் பிடித்திருந்தார்கள்.

அந்தக் கயிறு அறுந்தது.

கருவி ஊசலாடிச் சுவரில் மோதியது. வட்டத் தகடு நெளிந்தது. அத்தனை வருட உழைப்புக்கும் ஆதாரம் அந்தத் தகடுதான். அதில் கோணக் கோடுகள் நுட்பமாகச் செதுக்கப்பட்டிருந்தன. புதிது வேண்டுமானால் இங்கிலாந்தில் இருந்து வரவேண்டும்.

லாம்டன் யாரையும் திட்டவில்லை. ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாரையும் விடவில்லை. பெரிய பலகையில் தகட்டின் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வரைந்தார். ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, நெளிந்த ஓரத்தை மயிரிழை மயிரிழையாக அந்த வட்டத்துக்கு இழுத்தார். வளைந்த ஆரங்களைச் சின்ன மரச் சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆயிற்று. கருவி மீண்டும் வேலை செய்தது!

அவருடன் உழைத்தவர்களில் ஜோஷுவா டி பென்னிங் என்பவர் சென்னை சர்வே பள்ளியில் படித்தவர். 1794-ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று. கொடி பிடித்தவர்கள், சங்கிலி சுமந்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சிலை இல்லை.

லாம்டன் குமரிமுனை அருகே வரை அளந்துவிட்டு வடக்கே திரும்பினார். 1818-ல் எவரெஸ்ட் என்ற இளைஞர் உதவிக்கு வந்தார். உலகின் உயர்ந்த சிகரத்துக்குப் பின்னாளில் வைக்கப்பட்டது அவர் பெயர்தான். 

வயது 70-ஐ ஒட்டியும் அவர் ஓயவில்லை. நாகபுரியை நோக்கிப் பயணம் போகையில், 1823 ஜனவரி 20-ந் தேதி, ஹிங்கன்காட் என்ற ஊரில் உயிர் பிரிந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். தஞ்சையில் அடிபட்ட கருவியை எவரெஸ்ட் எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தார்.